சனாதிபதியின் மனைவி கீறிய படம்

சென்ட் லோரன்ட் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். முதியோர் இல்லமொன்றில் வேலை முடிந்து வருகிறார்கள்.

“இண்டைக்கு ஒரு சனாதிபதியின்ர மனுசியைக் குளிப்பாட்டினனான்,” என்றாள் இளையவள்.

“எந்த நாட்டுச் சனாதிபதி?”

“எங்கட நாடு இல்லை அக்கா. அங்க ஆமி ஆட்சியைப் பிடிக்க, புருசனும் அவவும் இஞ்ச ஓடிவந்தவை. அவர் செத்திட்டார். அவ முந்திப் படம் கீறுறவ.”

“பெரிய ஆள்தான்.”

“அவர் பதவியில இருக்கேக்க, அவ கீறினதெல்லாத்தையும் சனம் புகழ்ந்து புகழ்ந்து வாங்கினதாம். அவரை இறக்கின அண்டைக்கே தெருவில போட்டுக் கொளுத்திப்போட்டினமாம். ‘என்ர படம் நல்லதோ கூடாததோ எண்டு எனக்குக் கடைசிவரை தெரியாது’ எண்டு அழுறா.”

மற்றவள் மடியிலிருந்த பையை நகர்த்திவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

“இண்டைக்குக் கட்டிலுக்குக் கீழ இருந்து ஒரு படத்தை எடுப்பிச்சா. ஓடிவரேக்க கொண்டுவந்தது அது ஒண்டுதான். மழைக்குள்ள ஒரு கழுதை தனிய நிக்குது. எப்பிடி இருக்கெண்டு கேட்டா. நல்ல வடிவு மடாம் எண்டனான்.”

“சந்தோசப்பட்டிருப்பாவே.”

“இல்லை. ‘நீயும் அவையளைப் போலத்தான்’ எண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டா. பேந்து சாப்பிடவும் இல்லை.”

“உண்மையில வடிவோ?”

“ஓம் அக்கா. பாத்தவுடன எனக்கு அழுகை வந்திட்டுது. இனி எப்பிடிச் சொன்னாலும் அவ நம்பமாட்டா.”