நிழல் ஒதுக்கும் நிரல்

சீனியர்: …அதெல்லாம் இருக்கட்டும்மா. நீ எழுதின இந்த நிரல்ல ‘க’ன்னா என்ன?

புதுசு: கார், சார்.

சீனியர்: ‘கக’?

புதுசு: காரோட சொந்தக்காரர்.

சீனியர்: ‘ககக’… இரு, நானே சொல்றேன். காக்கா?

புதுசு: இல்ல சார். நிழல்ல இருக்கற இடங்க.

சீனியர்: நிழலுக்கும் மூணு ‘க’வுக்கும் என்னம்மா சம்பந்தம்?

புதுசு: ஒண்ணு வச்சேன், ரெண்டு வச்சேன்… கை அப்படியே போயிடுச்சு.

சீனியர்: நல்லவேளை, மூணோட நின்னுச்சு.

புதுசு: அஞ்சு வரைக்கும் இருக்கு சார். திரையில இன்னும் கீழ பாருங்க.

சீனியர்: கடவுளே! வாரா வாரம் குலுக்கிப் போட்டு, ஆபீஸ்ல யார் கார் மரத்தடியில நிக்கணும், யார் கார் வெயில்ல காயணும்னு சொல்லணும். அவ்வளவுதான் வேலை. இதைப் படிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. நாளைக்கு வேற ஒருத்தர் திறந்து பார்த்தா, பேரைப் படிச்சதும் விஷயம் விளங்கணும்மா.

புதுசு: மாத்திடறேன் சார். நாலு மணிக்குள்ள நீங்க ‘சரி’ன்னு எழுதினாத்தான் மேனேஜரம்மா என் வேலையை நிரந்தரம் பண்ணுவாங்களாம்…

சீனியர்: அதுக்குத்தானே பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். ம், டைப் அடி. ‘கார்’… ‘உரிமையாளர்’… ‘நிழல் இடங்கள்’. பார்த்தியா, கண்ணுக்கே குளிர்ச்சியா இருக்கு. இது என்ன? ‘ககககக-வா இருந்தா குலுக்காதே, நேரா நிழல்ல போடு’?

புதுசு: அது… அப்படியே இருக்கட்டுமே சார்.

சீனியர்: யாரு இந்த அஞ்சு ‘க’? கால் முடியாதவரா? அப்போ அதையே பேரா வை.

புதுசு: அவருக்குக் கால் நல்லா இருக்கும்னு நினைக்கிறேன்.

சீனியர்: நினைக்கிறியா?

புதுசு: ஆளு யாருன்னே தெரியாது சார். மேனேஜரம்மா கூப்பிட்டு, ‘இந்த ஒரு வரியைச் சேர்த்துடு, யார்கிட்டயும் மூச்சு விடாதே’ன்னாங்க. அதை மறைக்கத்தான் எல்லாத்துக்கும் ‘க’ வச்சேன்.

சீனியர்: அடிப்பாவி! நம்பராவது தெரியுமா?

புதுசு: ஊழியர் எண் பதினாலு.

சீனியர்: …பதினாலா?

புதுசு: வரியை எடுத்தா அவங்க கையெழுத்துப் போட மாட்டாங்க. விட்டா நீங்க போட மாட்டீங்க. என் பிழைப்புல மண்ணு விழுந்துடும் போல… சார், ‘மேனேஜருக்கு வேண்டியவர்’னு பேர் வச்சிடட்டுமா?

சீனியர்: ஐயோ, வேணாம்!

புதுசு: படிச்சதும் விளங்குதே சார்?

சீனியர்: விளங்குது… ரொம்பவே விளங்குது. அந்த வரியை அழிச்சிடு. நான் ‘சரி’ன்னு எழுதறேன்.

புதுசு: மேனேஜரம்மா கேட்டா?

சீனியர்: அந்தப் பதினாலு நான்தாம்மா. அக்காகிட்ட நான் பேசிக்கறேன். கையெழுத்துப் போடுவா, பயப்படாதே. ‘நாம கூடப் பிறந்தவங்கன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியக் கூடாது’ன்னு நான் சேர்ந்த அன்னிக்கு என்கிட்ட சத்தியம் வாங்கினவளே அவதான்!