முகம் பார்த்த சாட்சி

காலையில் நடப்பது உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதால்தான் நான் அன்று அந்தப் பாலத்தில் நின்றேன். ஓய்வு பெற்ற மறுமாதமே சர்க்கரை இருப்பது தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து ஆத்தூர்ச் சாலையில் வாய்க்கால் பாலம் வரை போய்த் திரும்புவது வழக்கம்.

அதற்கு முன் முப்பத்தோரு வருஷம் திண்டுக்கல்லில் குற்றவியல் நீதிமன்றத்தில் பெஞ்சு கிளார்க். கூண்டில் ஏறும் சாட்சிக்குப் பிரமாணம் செய்துவைப்பது என் வேலை. எத்தனை ஆயிரம் பேருக்குச் செய்துவைத்தேன் என்று தெரியாது. குறுக்கு விசாரணையில் அவர்களில் பாதிப் பேர் உடைந்துபோவதையும் பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறேன். தயங்குகிறவன்தான் முதலில் உடைவான்.

மார்கழி மாதம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. முத்துக்கிருஷ்ணனின் தோட்டத்து வரப்பில் ஒருவன் வலது தோளில் பாரத்தோடு சாய்ந்து சாய்ந்து போனான். பொம்மையன் போகிறான் என்று நினைத்துக்கொண்டு நான் திரும்பிவிட்டேன். பொம்மையன் எங்கள் ஊரில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். யார் கிணற்று மோட்டார் எரிந்தாலும் அவன்தான் கழற்றித் தோளில் தூக்கிப் போவான். மோட்டாரும் பொம்மையனும் சேர்ந்து போவதில் புதிதாக ஒன்றுமில்லை.

தன் கிணற்று மோட்டாரைக் காணோம் என்று முத்துக்கிருஷ்ணன் வந்து சொன்னபோது, நான் பார்த்ததைச் சொன்னேன். போலீஸ் பொம்மையன் வீட்டில் செம்புக் கம்பி எடுத்தது. காயில் கட்டுகிறவன் வீட்டில் செம்புக் கம்பி இல்லாமல் வேறு என்ன இருக்கும். அதை நான் அப்போதே யோசித்திருக்கலாம். அன்று விடியும்போது தூங்கிக்கொண்டிருந்தேன் என்றான் பொம்மையன். அதற்கு அவன் மனைவி பேச்சாயியைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஒரு வருஷம் கழித்து, பொன்னுத்துரை என்று பேர் சொல்லிக் கூப்பிட்டு என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். நான் வேலை பார்த்த அதே நீதிமன்றம். எனக்குப் பிரமாணம் செய்துவைத்தவள் ஆனந்தி, என்னிடம் வேலை பழகியவள். நான் உள்ளே வந்ததும் எழுந்து நின்றாள். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு நல்ல கேள்விதான் கேட்டார். நீங்கள் பார்த்தது முகத்தையா, முதுகையா?

ஆனந்தி பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகத்தைப் பார்த்தேன் என்றேன்.

அன்று நான் பொய் சொல்லவில்லை. முதுகைப் பார்த்து அவன்தான் என்று முடிவு செய்த பிறகு, அதன் முன்பக்கத்தில் இருந்தது அவன் முகம்தானே. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு வருஷக் கடுங்காவல் விதித்தார்கள்.

தீர்ப்பு வந்த ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, அய்யலூர்ச் சந்தைக்குப் போனேன். பேத்திக்குக் காதுகுத்து, கிடா பார்க்க வேண்டியிருந்தது. கூட்டத்தில் எனக்கு முன்னால் ஒருவன் ஒரு குட்டியை வலது தோளில் போட்டுக்கொண்டு சாய்ந்து சாய்ந்து போனான். “ஏலே பொம்மையா” என்று கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் அவன் ஜெயிலில் இருப்பது நினைவுக்கு வந்தது. குட்டிக்காரன் திரும்பினான். நான் பார்த்தே இராத முகம். என்னவென்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். பிறகு அங்கேயே ஒரு ஓரமாக நின்றேன். பாரம் தூக்கியவர்கள் எல்லாரும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார்கள்.

கிடா வாங்காமல் திரும்பினேன்.

இரண்டு நாள் கழித்துப் பேச்சாயி வந்தாள். வாசலில் நின்றே பேசினாள்.

“நீங்க பாத்தத நீங்க சொன்னீக. அதுல எங்களுக்கு வருத்தமில்லய்யா. வக்கீலு மேல போகலாங்கறாரு. எங்க வீட்டுக்காரரு என்னடான்னா, பொன்னுத்துரையய்யாவ ஒரு வார்த்தை கேளு, அவுக சொன்னபடி செய்யிங்கறாரு.”

எனக்கு என்னவெல்லாம் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாஜிஸ்திரேட் தீர்ப்பின் மேல் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போக முப்பது நாள் அவகாசம். அதில் பத்தொன்பது நாள் மிச்சமிருந்தது. மேல்முறையீட்டோடு தண்டனையை நிறுத்திவைக்க மனு போட்டால், இரண்டு வருஷத் தண்டனைக்காரனைப் பெரும்பாலும் ஜாமீனில் விட்டுவிடுவார்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. தண்டனை பெற்றவன் தானே போடும் மேல்முறையீட்டில் அவனுடைய தண்டனை ஒரு நாள்கூட அதிகமாகாது. இது சட்டம். எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

மேல்முறையீடு என்று ஆகிவிட்டால் என் சாட்சியத்தைத்தான் வரி வரியாகப் படிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

“மேல போனா ரெண்டு வருசம் நாலாகவும் ஆகலாம் பேச்சாயி” என்றேன்.

முந்தானையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

“அப்ப வேணாம்யா. ரெண்டோட போகட்டும்.”

முப்பதாம் நாளும் போயிற்று. அவகாசம் தாண்டினாலும் தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். அதையும் நான் சொல்லவில்லை. பேச்சாயியிடம் நான் சொன்ன பொய்யைத்தான் காரணமாகக் காட்ட வேண்டியிருந்திருக்கும்.

அவர்களுடைய மகள் கௌசல்யா நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அதை விட்டுவிட்டு வேடசந்தூர்ப் பக்கம் மில்லுக்குப் போக ஆரம்பித்தாள். மில் பஸ் பாலத்தருகே நிற்கும் நேரமும் நான் திரும்பும் நேரமும் ஒன்று. பஸ்ஸில் ஏறுமுன் “வாரேன் தாத்தா” என்பாள். ஒரு நாள்கூடச் சொல்லாமல் போனதில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு நடக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டேன்.

நன்னடத்தைக் கழிவெல்லாம் போக பொம்மையன் இருபதாம் மாதம் வந்துவிட்டான். போன வாரம் சாயங்காலம் பேச்சாயியோடு என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பாதியாக இளைத்திருந்தான். தோளில் பாரம் ஏதும் இல்லாததால் நேராக நின்றான். நான் நல்ல வழி காட்டியதால் இரண்டு வருஷத்தோடு தப்பித்ததாகச் சொன்னான். பேச்சாயி கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பை நிலைப்படியில் வைத்தாள்.

போகும்போது திரும்பினான்.

“ஒண்ணு கேக்கலாங்களாய்யா. அன்னிக்கு நெசமாவே என் மூஞ்சியப் பாத்தீகளா?”

கோபமாகக் கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“நீங்க பொய் சொல்ற ஆளு இல்ல. உள்ள கிடந்து இதையேதான் நெனச்சேன். இத்தன மோட்டார் தூக்குனவன், தூக்கக் கலக்கத்துல நாந்தான் எடுத்துட்டு மறந்துட்டேனான்னு. ராத்திரியெல்லாம் கண்ணு மூட மாட்டேங்குது. பாத்தேன்னு சொல்லிட்டீகன்னா அம்புட்டுதான், நான் ஒத்துக்கிட்டுப் படுத்துருவேன்.”

பேச்சாயி அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பார்த்தேன் பொம்மையா” என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். கும்பிட்டுவிட்டு நடந்தான். அவர்கள் தெருமுனை திரும்பும் வரை வாசலிலேயே நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும், இனியாவது அவன் நிம்மதியாகத் தூங்குவான் என்று நினைத்துக்கொண்டேன்.