முப்பது கேடயங்களில் தீ

காலை ஷிப்ட் முடிந்து கப்பலூரில் பஸ் ஏறிய இருவர் எனக்கு முன் சீட்டில் சரிந்து உட்கார்ந்தார்கள். பெரியவரின் சட்டையெல்லாம் இரும்பு உருக்கும் பட்டறையின் கரி. அவர்தான் சொன்னார்:

"நேத்தோட முப்பது பேருக்கும் தீ வச்சு முடிச்சுட்டேன் மாப்ள."

நிமிர்ந்து பார்த்தேன். டிபன் பாக்ஸிலிருந்து பஞ்சில் சுற்றிய ஒரு பொம்மைச் சிப்பாயை எடுத்தார். கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். அதன் கேடயத்தில் தீ எரிவது போல பெயின்ட்.

"ஞாயித்துக்கிழமை மேசையில வச்சு சண்டை ஆடுறோம்ல, அதுக்கு. ஒரு மாசமா வேலை விட்டு வந்து ஊசி மாதிரி பிரஷ்ஷப் புடிச்சு கண்ணே போச்சு."

இளையவர் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார்.

"மாமா, தலைகீழா அடிச்சிருக்கீக. அடியில செவப்பு, நுனியில மஞ்சள்."

"அப்படித்தான இருக்கும்?"

"இல்ல மாமா. அடியிலதான் மஞ்சளா வெளிச்சமா இருக்கும். மேல போகப் போகத்தான் செவக்கும். முப்பதும் இப்படியா?"

"முப்பதும்தான். அம்புட்டையும் திரும்ப அடிக்கணுமா?"

"எட்டு மணி நேரம் உலைக்கு முன்னாடி நிக்கிறீக, தீ எப்படி எரியும்னு தெரியலையா?"

பஸ் பசுமலையைத் தாண்டியது. பெரியவர் பொம்மையைத் திரும்ப வாங்கிப் பஞ்சில் சுற்றி, டப்பாவை மூடி, மடியில் வைத்துக்கொண்டார்.

"அங்கன நின்னு நான் தீயவா பாக்குறேன்? கடியாரத்தத்தான மாப்ள பாத்துக்கிட்டிருக்கேன்."