பொறுப்பு ஒப்படைப்பு

– என்டர் தட்டாதீங்க மச்சான்! கைய எடுங்க.

– எடுத்துட்டேன், எடுத்துட்டேன். என்ன மாப்ள, பாம்பப் பாத்த மாதிரி கத்துற?

– ‘WHERE’னு கண்டிஷன் போடணுமே, அது எங்க? எந்த நோயாளின்னே சொல்லாம வார்டை மாத்தச் சொல்லியிருக்கீங்க. தட்டியிருந்தா ஆஸ்பத்திரில படுத்திருக்க அத்தன பேரும் பிரசவ வார்டுக்குப் போயிருப்பாங்க.

– ஆம்பளைங்களுமா?

– ஆம்பளைங்களும்தான்.

– என்னமோ போ. கோடவுன்ல மூட்டைய மாத்தி அடுக்குனா திரும்ப எடுத்து வெச்சுக்கலாம். இங்க ஒரே தட்டுல எல்லாம் கவுந்துடும் போல.

– அதான் மொதல்ல செலக்ட் போடுங்கன்னு சொல்றேன். மாறப்போற வரி எதுன்னு கண்ணால பாத்துட்டு, அதே கண்டிஷன அப்டேட்ல போடுங்க. தப்பாயிட்டா ரோல்பேக் குடுத்தா பழையபடி ஆயிடும். அவ்ளோதான்.

– கமிட் குடுத்து சேவ் பண்ணிட்டா?

– போனது போனதுதான். பேக்கப்ப எடுத்து வெச்சுட்டு உக்காரணும்.

– அது தினமும் தானா ஓடுதே.

– ஓடுது. திரும்ப எழுந்து வருதான்னு வேற மெஷின்ல ஏத்திப் பாக்கணும். யாரும் பாக்க மாட்டாங்க. நீங்க பாருங்க.

– சாப்டியா நீ?

– பசிக்கல. அடுத்தது, யாருக்கு எந்த டேட்டா டேபிளப் பாக்க அனுமதின்னு. மருந்துக் கவுண்டருக்கு மருந்து டேபிள் மட்டும். கெஞ்சுறாங்களேன்னு கூட ஒண்ணத் தொறந்து விட்டுடாதீங்க.

– தங்கச்சிகிட்ட சொல்லிட்டியா?

– எத?

– வேலை போனத.

– இல்ல. எப்பவும் போல டிபன் பாக்ஸ் கட்டிக் குடுத்தா. வாங்கிட்டு வந்துட்டேன்.

– கோடவுன மூடி என்னை இங்க தள்ளுனப்ப, உனக்குத் துணையாள்னுதான் சொன்னாங்க மாப்ள. உன் நாற்காலியையே எடுத்து என்கிட்ட தருவாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.

– தெரியும் மச்சான்.

– கோவமாவாவது ஒரு வார்த்த பேசேன்ப்பா.

– வரலையே. பல்லு புடுங்க ஊசி போட்டா, கன்னம் நம்மளுதே இல்லாத மாதிரி இருக்குமே, அப்படி இருக்கு. கீபோர்ட இழுத்துக்கோங்க. கடைசியா ஒண்ணு.

– இன்னிக்குப் போதும்ப்பா.

– வேலைய விட்டுப் போறவங்க லாகின் யூசர அன்னிக்கே நீக்கிடணும். மறந்துட்டா அப்புறம் தலைவலி. அடிங்க. ட்ராப் யூசர். அப்புறம் என் பேரு.

– வேணாம் மாப்ள.

– நான் பக்கத்துல இருக்கும்போதே பண்ணிடுங்க. அடுத்த தடவ தனியா நின்னு முழிக்க வேணாம். ம்… என்டர்.

– தட்டிட்டேன்.

– ஏன் செவப்புல வருது? எழுத்து எதுவும் விட்டுட்டீங்களா?

– இல்லப்பா. எழுத்தெல்லாம் சரிதான்.

– அப்படி ஒரு யூசரே இல்லைங்குது.

– காலைல நீ உள்ள வர்றதுக்கு முன்னாடியே, மேனேஜர் பக்கத்துல நின்னு இதையே என்னை அடிக்க வெச்சுட்டாரு. இன்னிக்குப் பூரா நீ சொல்லிக் குடுத்ததெல்லாம் என் பேரு லாகின்லதான் ஓடுச்சு, மாப்ள.