கப்பல் கட்டுகிறவர் கழுவிய பால்புட்டி

அவையை அணிசெய்து அமர்ந்திருக்கும் அடுக்ககச் சங்கத் தலைவர் ஐயா அவர்களே! அலைகடலில் அசராத கப்பல்களைக் கட்டி அனுப்பிவைத்த, நம் கொரியாவின் கோஜே தீவுப் பெரியோர்களே! பெற்றதோடு நில்லாமல் பேணியும் காத்த தாய்மார்களே! முன்வரிசையில் அப்பா மடியில் வீற்றிருக்கும் விழா நாயகி, நூறாம் நாள் காணும் சே-ரின் அவர்களே! கீழ்வீட்டு மி-சொன்னின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியது.

வெள்ளை அரிசிக் கேக் ஆறுகிறது என்று அங்கே ஒருவர் முனகுகிறார். ஆறட்டும் ஐயா, அது எங்கும் ஓடிவிடாது!

பால்புட்டியைக் கொதிக்க வைக்க வேண்டுமா, வேண்டாமா? இந்த ஒரு கேள்வியால் நம் அடுக்ககத்தில் எத்தனை மாமியாரும் மருமகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்! நான் ஒரே ஒரு வீட்டைச் சொல்கிறேன்.

நம் கி-தே, கப்பல் பட்டறையில் வெல்டர். குறைமாதத்தில் பிறந்த மகள் சே-ரினுக்காக, கடையிலேயே பெரிய நீல விளக்குப் பெட்டியை வாங்கி வந்தார். புட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் கிருமி சாகும். “இனிமே ஒரு பூச்சி என் பொண்ணுகிட்ட வரட்டும் பாப்போம்!” என்று மார்தட்டினார். வேலை முடிந்து வந்த அலுப்பில் புட்டியைக் குழாயில் ஓர் அலசு அலசுவார். மிச்சத்தை விளக்கு பார்த்துக்கொள்ளும் என்று பெட்டியில் அடுக்குவார்.

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. பிஞ்சு முகம் வாடியது, கண் குழிந்தது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். நூறாம் நாளை இவள் காண்பாளா என்று என் நெஞ்சே பதறியது.

பிள்ளையைச் செவிலியரிடம் விட்டு, மாற்றுத்துணி எடுக்கக் கணவனும் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். நான் உடனிருந்தேன். தாய் யு-ஜோங் ஒரு புட்டியை எடுத்து ரப்பர் காம்பைப் பிடுங்கினார். வளையத்துக்கு அடியில் புளித்த பால் வழவழவென்று ஒட்டியிருந்தது.

“ஏங்க சே-ரின் அப்பா, துருவைத் தட்டாம தகட்டைப் பத்த வைப்பீங்களா?”

“அதை எவன் செய்வான்? ஒட்டவே ஒட்டாதே!”

“அப்ப இது என்னது?”

பார்த்தார். சட்டைக்கையை மடித்தார்.

அழுக்குக்கு அடியில் எந்த ஒளி நுழையும்? அன்று முதல் பாகம் பாகமாகக் கழற்றினார், சோப்பும் தூரிகையும் கொண்டு தேய்த்தார், தண்ணீரில் முழுக்க மூழ்கவைத்துக் கொதிக்க வைத்தார். பிள்ளை தேறி வீடு வந்த பிறகும் நிறுத்தவில்லை. பட்டறை நண்பர்கள் விட்டார்களா?

“என்னப்பா, வீட்டுல பாத்திரம் தேய்க்கிற வேலையாமே?”

“கப்பல்ல ஓட்டை விழுந்தா அடைச்சுக்கலாம்டா. இவளுக்கு ஒண்ணுன்னா எதை வச்சு அடைப்பேன்?”

கேலி செய்த அந்த நண்பர்கள்தாம் இப்போது கடைசி வரிசையில் தலைகுனிந்து சிரிக்கிறார்கள்!

என்ன பெரியப்பா தோல்-சு, எழுந்துவிட்டீர்கள்? “நாங்க நாலு புள்ள வளத்தோம், எதைக் கொதிக்க வச்சோம்?” என்கிறீர்கள். பிழைத்தவர்களைத்தானே ஐயா எண்ணுகிறீர்கள்? பிழைக்காதவர்களுக்காக யார் எழுந்து பேசுவது? நூறு நாள் தாண்டினால் ஏன் ஊர்கூட்டி விருந்து வைத்தோம்? தாண்டாத பிஞ்சுகள் அத்தனை பேர் என்பதால்தானே! பச்சிளங்குழந்தைக்கு, அதிலும் குறைமாதக் குழந்தைக்கு, கழுவு, பிறகு கொதிக்கவை! கழுவாமல் கொதிக்கவைத்தும் பயனில்லை!

இதோ, நாயகி அழுகிறாள். “குடுத்துத் தொலைப்பா, புள்ள கத்துது!” என்று சபையே அதட்டுகிறது. கி-தே அசைகிறாரா பாருங்கள்! மகளை மனைவியிடம் தந்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவுகிறார். கொதிக்கவைத்த புட்டியை எடுக்கிறார். சுடுநீரில் பால்மாவைக் கலக்கி, ஆற்றி, மணிக்கட்டில் விட்டுப் பார்க்கிறார். இரும்பை உருக்கும் கை அது!

குடிக்கிறாள்! அழுகை அடங்கியது. பெரியப்பா, நீங்கள் எங்கே போகிறீர்கள்? குழந்தையைத் தூக்கவா? குழாய் அந்தப் பக்கம் இருக்கிறது, முதலில் அங்கே போங்கள்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. சே-ரின் நீடு வாழ்க! வணக்கம்.