மாந்தோப்பின் ஆறாவது கூண்டு

சிறுத்தையை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது, போலீஸ் கொம்மிசேர் அவர்களே. எத்தனை பேர் வந்து நின்றாலும் அது முதுகைத்தான் காட்டும். என் மாந்தோப்பில் திருவிழாக் கூட்டம் கூடிய நாளில்கூட அது மூலையில் சுருண்டு சுவரைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தது. எட்டு மாதத்தில் செத்தது. வாங்கியது என் தவறு.

முறையாகவே சொல்கிறேன், எழுதுகிறவருக்கும் வசதியாக இருக்கும். என் பெயர் தெய்வநாயகம். பாகூர் கொம்மூன் எல்லைக்குள் எங்களுக்குக் கரும்பும் நெல்லும் உண்டு. அப்பா காலமான பிறகு, மாந்தோப்பில் மிருகங்களை வைத்து ஜனங்களுக்குக் காட்ட ஆரம்பித்தேன். யாரிடமும் காசு வாங்கியதில்லை. ஆறு கூண்டுகள் செய்தேன். புள்ளிமான், முள்ளம்பன்றி, மயில், குரங்கு, சிறுத்தை, கரடி. பார்த்துக்கொள்ளத் தணிகைவேலை வைத்தேன். அவன் முன்பு ஒரு சர்க்கஸ் கம்பெனியில் இருந்தவன்.

சிறுத்தைக்குப் பின்னால் கரடியும் போயிற்று. அது தன் முன்னங்காலைத் தானே கடித்துத் தின்றுகொண்டிருந்தது. அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். எந்த உயிரை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று ஒரு நோட்டில் எழுதினேன். இந்த ஊர்த் தீனியைத் தின்ன வேண்டும். பார்க்க வருகிறவனிடம் ஒளியக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூண்டிலேயே குட்டி போட வேண்டும். குட்டி போடாத உயிர் அங்கே வாழவில்லை, சாவதற்குக் காத்திருக்கிறது. இதில் தப்பு இருப்பதாக எனக்கு இன்றும் தோன்றவில்லை.

அந்த வருஷம் ஒரு பிரெஞ்சு இஞ்சினீர் தோப்பைப் பார்க்க வந்தார். பாரீசில் நடந்த பெரிய கண்காட்சியின் படம் ஒன்றைக் காட்டினார். ஏதோ தூர தேசத்து ஜனங்கள் குடிசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் தொப்பி வைத்த சீமாட்டிகள் நின்று பார்த்தார்கள். இஞ்சினீர் மேல் பழி ஒன்றும் இல்லை. அவர் படத்தைக் காட்டினார், இளநீர் குடித்தார், போய்விட்டார். நான்தான் அந்தப் படத்தை வெகு நாள் மறக்காமல் இருந்தேன்.

கன்னியப்பனும் அவன் பெண்டாட்டி அமிர்தமும் இருளர்கள். எங்கள் கரும்பு வயலோரம் குடிசை போட்டு எலி பிடிப்பார்கள். வளையின் வாயில் சட்டியை வைத்துப் புகையை ஊதினால் எலி மறு வாயில் வந்து விழும். பார்க்க அழகான வேலை. தோப்பில் வந்து இருங்கள், வேளைக்குச் சோறு தருகிறேன் என்றேன். வந்தார்கள். மூங்கில் வேலிக்குள் குடிசை போட்டுக் கொடுத்தேன். ஜனங்கள் மானை விட்டுவிட்டு அவர்களைப் பார்க்கக் கூடினார்கள். எலி பிடிப்பதைக் காட்ட எலி வேண்டுமே என்று தணிகைவேலை வயலுக்கு அனுப்பினேன். நாள் முழுதும் அலைந்தும் அவனுக்கு ஒன்றுகூட அகப்படவில்லை. கன்னியப்பன் அதைக் கேட்டுச் சிரித்தான். அங்கே அவன் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

தை அறுப்பு வந்ததும் இருவரும் சொல்லாமல் வயலுக்குப் போய்விட்டார்கள். வில்லியனூரிலிருந்து இரண்டு வண்டி நிறைய வந்தவர்கள் வெறும் குடிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆள் அனுப்பி அவர்களைக் கூட்டிவந்தேன். கரடி இருந்த ஆறாவது கூண்டைக் கழுவி, கீற்று வேய்ந்து, உள்ளே விட்டேன்.

"இன்னா சாமி, பூட்டு போடறீங்க?" என்றான் கன்னியப்பன்.

"வர்றவங்க கல்லடிக்கிறாங்கப்பா. உங்க நல்லதுக்குத்தான்."

"நாங்க வெளில போவணும்னா?"

"சொல்லு, தொறந்து வுடறேன்."

முதல் வாரம் தினமும் கேட்டார்கள். நாளைக்கு என்றேன். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்கள். பழகிவிட்டது என்று நோட்டில் எழுதிவைத்தேன்.

இதை நான் மறைத்துச் செய்யவில்லை. பட்டப்பகலில் ஊரே பார்த்தது. கொம்மூன் அலுவலகத்தார் குடும்பத்தோடு வந்து வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பெயர்களைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தணிகைவேல் மட்டும் ஒரு நாள், "சர்க்கஸ்ல கூட இப்பிடி இல்ல எசமான்" என்றான். தீனி வைக்கிற வேலையைப் பார் என்றேன். பார்த்தான்.

என் மனைவி தையலம்மாள் தோப்புப் பக்கம் வருவதில்லை. ஒரு நாள் வந்தாள். அன்று மாலை சாப்பாடு பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

"அந்தப் பொண்ணு மாசமா இருக்குதுங்க. அவங்கள வுட்டுடுங்க."

"அவளுக்கு வேளைக்குச் சோறு போவுது."

"நம்ம வூட்டு நாய்க்கும்தான் போவுது."

மறுநாள் வில்லியனூரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னும் வரவில்லை. பிள்ளை இல்லாத வருத்தம் அவளுக்கு. மாசமாக இருக்கிறவளைப் பார்த்ததும் மனசு கலங்கிவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

ஆவணியில் அமிர்தத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சியை வரவழைத்தேன், வெந்நீர் வைக்கச் சொன்னேன், ஒன்றிலும் குறை வைக்கவில்லை. தோப்புக்கு வந்தவர்களுக்கெல்லாம் கல்கண்டு கொடுத்தேன். நான் எழுதிவைத்த அத்தனைக்கும் பொருந்தி வந்த உயிர் அதுவரை எனக்குக் கிடைத்ததில்லை. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

குழந்தையைப் பார்க்கக் கூட்டம் இரண்டு மடங்காயிற்று. ஆனால் அமிர்தம் குழந்தையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு மூலைக்குப் போவாள். அங்கே மறைவுக்கு ஒரு பழைய பாயைக் கட்டியிருந்தாள். அந்தப் பாயை எடுத்துவிடச் சொன்னேன். தணிகைவேல் எடுக்கவில்லை. நானே எடுத்தேன். அப்போதுதான் அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலையில் நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது தணிகைவேல் நனைந்துகொண்டு ஓடிவந்தான்.

"தோப்புக்குள்ள தண்ணி பூந்துடுச்சு எசமான். சாவி குடுங்க."

சாவிக்கொத்தை அவனிடம் கொடுக்காமல் நானே போனேன். தோப்பில் முழங்காலளவு தண்ணீர். மான் கூண்டை முதலில் திறந்தேன். எல்லாம் துள்ளிக்கொண்டு கரைமேட்டுக்கு ஓடின. முள்ளம்பன்றி, குரங்கு, மயில் என்று ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன். ஆறாவது கூண்டுக்கு வந்தபோது தண்ணீர் இடுப்புக்கு ஏறியிருந்தது. அந்தக் கூண்டுதான் தோப்பிலேயே பள்ளத்தில் இருந்தது. கன்னியப்பன் குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான். கூச்சல் போடவில்லை.

"சாமி, தொறங்க" என்றான்.

"தண்ணி எறங்கிடும். கொஞ்சம் பொறு."

"புள்ளையாச்சும் வாங்கிக்குங்க சாமி."

கம்பிகளின் இடைவெளி கரடிக்காக வைத்தது. கை போகும், குழந்தை வராது. வாங்கவேண்டுமானால் கதவைத் திறக்க வேண்டும். நான் சாவியை மடியில் செருகிக்கொண்டு கரைமேட்டுக்கு ஏறினேன்.

தணிகைவேல் அங்கே எதிரே வந்தான். "அவங்க எங்க எசமான்?" என்றான். சாவி தண்ணீரில் விழுந்துவிட்டது என்றேன். அவன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு நீந்திப் போனான். கூரைக் கம்பி ஒன்றை அவனால் நெம்ப முடிந்தது. மெலிந்த ஆள் நுழையும் அளவுக்குத்தான் வழி கிடைத்தது. அதற்குள் தண்ணீர் தலைக்கு மேலேறி, குழந்தை கைநழுவிப் போயிருந்தது. கன்னியப்பன் கீழேயிருந்து அமிர்தத்தைத் தூக்கிக் கொடுத்தானாம். குழந்தையைத் தேடி மறுபடி மூழ்கியவன் எழவில்லை. இது தணிகைவேல் உங்களிடம் சொன்னது. நான் மேட்டிலிருந்து பார்த்தேன். அவன் சொன்னது சரிதான்.

பிற்பகலில் வெள்ளம் வடிந்தது. நானே போய்ப் பூட்டைத் திறந்து இரண்டு உடல்களையும் வெளியே எடுத்தேன். சாவியைத் தணிகைவேல் பார்த்தான். அப்படித்தான் விஷயம் உங்களுக்கு வந்தது.

நேற்று அமிர்தத்தை இங்கே அழைத்து வந்தீர்கள். அவள் என் பக்கம் திரும்பவில்லை. உங்களிடம், "மானுங்கள அவுத்து வுட்டாரே, எங்கள ஏன் வுடலன்னு கேளுங்க" என்று மட்டும் சொன்னாள். நீங்களும் கேட்டீர்கள். அவர்களும் மனிதர்கள் என்று உனக்குத் தெரியாதா என்றும் கேட்டீர்கள். இன்று பதில் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள், ஒன்றைத் தவிர எல்லா மான்களும் தவிட்டுத் தொட்டிக்குத் திரும்பி வந்துவிட்டன. வரும் என்று தெரிந்துதான் திறந்தேன். கன்னியப்பனும் அமிர்தமும் குழந்தையோடு வெளியே போனால் ஒருநாளும் திரும்பி வந்திருக்க மாட்டார்கள். அவர்கள் மனிதர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் திறக்கவில்லை.