மூஸ் கோவ் ஊர் வாசலில் நிற்பது யார்?

மாட்சிமை மிக்க அவைத்தலைவி அவர்களே! முன்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்ட மூத்த வேட்டைக்காரர்களே! மூஸ் இறைச்சியைக் கண்ணாடிக் குடுவைகளில் அடைத்தே ஆறு மாதப் பனியை வென்று காட்டும் தாய்மார்களே! மூலையில் முறைத்தபடி நிற்கும் பெண்கள் பனி ஹாக்கி அணியினரே! படகுப் பட்டறை வெல்டர் லியாண்டர் ஃபட்ஜின் பணிவான வணக்கம்!

எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம். ஓர் ஊருக்கு எத்தனையோ பெயர் உண்டு. நாம் ஏன் மூஸ் என்ற இந்தப் பெரிய காட்டுமானின் பெயரைச் சூட்டிக்கொண்டோம்? முழ நீள மூக்கு, முதுகில் திமில், தாடைக்குக் கீழே ஒரு தொங்கல், வேறு எதற்கோ செய்து மாட்டியது போன்ற கால்கள். அதைச் சுடுகிறோம், சமைக்கிறோம், சாலையில் மோதி வண்டியை நசுக்கிக்கொள்கிறோம். பிறகு அதையே பள்ளிப் பேருந்தில் படமாக வரைகிறோம்! ஏன்?

"பெருசா இருக்குல்ல, அதான்!" என்கிறார் கடைசி வரிசை நண்பர். ஐயா, நம் விரிகுடாவில் திமிங்கிலம் இல்லையா? அதன் பெயரை வைத்தோமா?

இருக்கட்டும். இன்றைய வழக்குக்கு வருகிறேன். ஊர் வாசலில் கொம்போடு நிற்கும் மூஸ் சிலைதான் நம் எல்லா அணிகளுக்கும் சின்னம். பெண்கள் அணித்தலைவி லெவினா கீப்பிங் கேட்கிறாள்: "காலடியில குட்டி நிக்குது. குட்டியோட நிக்கிறது தாய்தானே? தாய்க்கு ஏது கொம்பு? அதை எடுங்க. இல்லன்னா இந்தச் சட்டையும் வேணாம், அணியும் வேணாம்!"

வேட்டைக்காரர்களே, கொம்பு நம் மானம் என்கிறீர்கள். அந்த மானத்தை ஒட்டவைத்தவன் நான்! முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் செய்தது தாய் மூஸ். திறப்பு விழாவுக்கு முந்தின நாள், அன்றைய ஊர்த்தலைவர் அம்புரோஸ் பைக் வந்து பார்த்தார். இதோ, எதிரிலேயே இருக்கிறார். என்ன சொன்னீர்கள், அண்ணா?

"என்னடா மவனே, குதிரை செஞ்சு வச்சிருக்க? வர்றவன் போறவன்லாம் சிரிப்பான். கொம்பு வைடா!"

வைத்தேன். வாய் திறக்காமல் வைத்தேன். இங்கிருக்கும் எந்த வேட்டைக்காரருக்குத் தெரியாது, பெண் மூஸுக்குக் கொம்பில்லை என்று? முப்பது ஆண்டு பார்த்தீர்கள், முப்பது ஆண்டு சும்மா இருந்தீர்கள்! ஒட்டவைத்த எனக்கும் அது வெட்கமாக இருக்கிறது.

சிரிக்காதீர்கள், இன்னும் கேளுங்கள். போன பிப்ரவரியில் பனி அரங்க வாசலை மறித்து ஒரு மூஸ் நின்றது. பின்னால் குட்டி. "கொம்பில்லாத சனியன்தானே, நான் வெரட்டுறேன் பாரு!" என்று கிளம்பினார் ஆண்கள் அணித்தலைவர். மூஸின் காது மடங்கியது, பிடரி மயிர் சிலிர்த்தது, அடுத்த நொடி அவர் வண்டிக் கூரைமேல் இருந்தார்! ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தார். லெவினாதான் எல்லோரையும் பின்வாசலுக்கு அழைத்துப் போய், "அது போற வரைக்கும் யாரும் அசையாதீங்க" என்றாள். குட்டி நகர்ந்த பிறகுதான் தாய் நகர்ந்தது.

அன்று எனக்கு விளங்கியது. கொம்புக்காகவா நம் முன்னோர் அந்தப் பெயரை வைத்தார்கள்? ஆண் மூஸின் கொம்பு ஆண்டுதோறும் மார்கழிப் பனியில் உதிர்ந்துவிடும்! நின்ற இடத்தை விட்டு நகராத அந்த நெஞ்சுக்காக வைத்தார்கள் என்றே நான் நம்புகிறேன். குளிரில் நின்றது, குட்டிக்காக நின்றது, கொம்பே இல்லாமல் நின்றது!

என் கை ஒட்டியதை என் கையே வெட்டட்டும். சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள்!

தாய்மார்கள் பக்கம் எண்ண வேண்டியதே இல்லை. வேட்டைக்காரர்களே, என்ன யோசனை? அட... அம்புரோஸ் அண்ணன் கை தூக்கிவிட்டார்!

"குதிரைன்னு எவனாவது சொல்லட்டும், நான் பாத்துக்கறேன்!" என்கிறார்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி. எல்லோருக்கும் வணக்கம். லெவினா, ஏணியைப் பிடிக்க இரண்டு பேரை அழைத்து வாம்மா!